சாயம் சரியாகப் பிடிக்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

வீட்டில் துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "எல்லாம் சொன்னபடிதான் செய்தேன், ஏன் இப்படி வந்தது?" அந்தத் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தால், அவர்கள் சந்தேகப்படுவது சாயப் பொடியைத்தான். ஆனால் பத்துக்கு ஏழெட்டுத் தடவை பொடியில் குற்றம் இருக்காது. துணியை அவித்ததில் இருக்கும், தண்ணீரில் இருக்கும், காயப்போட்ட கொடியில்கூட இருக்கும். சாயத்தில் பிழை தெரிகிற இடம் வேறு, பிழை பிறந்த இடம் வேறு. அதனால் இங்கே அறிகுறியில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறேன்.

நான் பேசுவது பருத்தித் துணியைப் பற்றி. சாமான்கள் பெரும்பாலும் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை: கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தரும் வேர்), அன்னபேதி (இரும்பு சல்பேட்). கூடவே நீலத்துக்கு அவுரி, மர அச்சு, கொஞ்சம் ரீஆக்டிவ் என்னும் செயற்கைச் சாயம். கிராம் கணக்கெல்லாம் 100 கிராம் காய்ந்த துணிக்கு. சமையல் பாத்திரத்தைச் சாயத்துக்கும், சாயப் பாத்திரத்தைச் சமையலுக்கும் எடுக்காதீர்கள். பொடியைக் கொட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

நிறம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறது

அதே துணியில் சாயம் போடாத துண்டு ஒன்று மிச்சம் இருக்கிறதா? அதை மேசையில் விரித்து, விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு விழுந்த உடனே உள்ளே இறங்கி வட்டமாகப் பரவினால் துணியில் குறையில்லை. தாமரை இலைத் தண்ணீர்போல உருண்டு நின்று, நாலைந்து நொடி கழித்து மெதுவாக இறங்கினால், உங்கள் திட்டுகளுக்குக் காரணம் அதுதான். தண்ணீரே இறங்காத இடத்தில் சாயம் எப்படி இறங்கும்?

வெளுக்காத காடா துணியில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும், பருத்திக்கே உரிய மெழுகும் அப்படியே இருக்கும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற துணியிலும் விறைப்புக்காகப் போட்ட கஞ்சி இருக்கும். ஒரு தடவை சோப்புப் போட்டுத் துவைத்தால் இது போகாது. அவிக்கத்தான் வேண்டும். 4 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சலவை சோடா, ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு, துணியை முழுக அமுக்கி ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். காடாவாக இருந்தால் தண்ணீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்துவிடும். அந்த மஞ்சள் பழுப்பு முழுவதும் உங்கள் துணியில் இருந்தது. ஊற்றிவிட்டு மறுபடி அவித்து, தண்ணீர் தெளிந்த பிறகு அலசுங்கள். காய்ந்ததும் சொட்டுத் தண்ணீர் சோதனையை மூன்று நான்கு இடங்களில் செய்து பாருங்கள். பட்டுக்கு இந்த முறை ஆகாது. சலவை சோடாவில் அவித்தால் பட்டு கெட்டுப்போகும்.

துணி நன்றாக அவிந்திருந்தும் திட்டு வந்தால், திட்டின் வடிவத்தைப் பாருங்கள். அதுவே காரணத்தைச் சொல்லிவிடும்.

மடிப்பு மடிப்பாக, கிளைகிளையாக வெளிறியிருந்தால் பாத்திரம் சிறியது. துணி அசைய இடமில்லை. 100 கிராம் துணிக்கு 3 லிட்டராவது வேண்டும். முதல் கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த துணியை அப்படியே சாயத்தில் போட்டாலும் இதே கதைதான். முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஈரத்தோடு இறக்குங்கள்.

அடர்ந்த புள்ளிகளாக இருந்தால் கரையாத பொடி. சாயத்தைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துத் துணியில் வடிகட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

நடுவில் குறுக்கே ஒரே ஒரு கோடு. இது எனக்கு நடந்தது. இரண்டரை மீட்டர் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து மாடிக் கொடியில் இரண்டாக மடித்துப் போட்டேன். அன்றைக்குத் துணி சீரான இளமஞ்சளாகத்தான் தெரிந்தது. ஒரு வாரம் கழித்து மஞ்சிட்டியில் போட்டபோது, கொடி பட்ட இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கறுஞ்சிவப்புப் பட்டை எழுந்து வந்தது. துணி காயும்போது ஈரம் நகரும், ஈரத்தோடு கடுக்காய்ச் சத்தும் நகர்ந்து கடைசியாகக் காய்கிற இடத்தில் சேரும். அது சாயம் ஏறும் வரை கண்ணுக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கடுக்காய்த் துணியையும் படிகாரத் துணியையும் தரையில் பாய் மேல் விரித்துத்தான் காயப்போடுகிறேன், பாதி காய்ந்ததும் திருப்பிப் போடுகிறேன்.

ஏறிவிட்ட திட்டை இறக்க முடியாது. அந்தத் துணியை அவுரியில் முக்கி எடுக்கலாம், முடிச்சுப் போட்டு அடர் நிறம் கொடுக்கலாம். திட்டை மறைக்கத் திட்டையே வடிவமாக்குவது ஒன்றும் குறைச்சலான வேலை இல்லை.

தையல் மட்டும் வெள்ளையாக நிற்கிறது, அல்லது துணியே சாயத்தைத் தொடவில்லை

நூலைப் பிரித்து எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பலைத் தரும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கிக் கெட்டியான மணியாக நிற்கும். தைத்த சட்டைகளின் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அதற்கு இந்தச் சாயங்கள் எதுவும் பிடிக்காது. சாயம் போட்ட பிறகு தையுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைத் தையலை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றாகத்தான் ஏறியது, முதல் அலசலிலேயே போய்விட்டது

எந்தச் சாயம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

பீட்ரூட், செம்பருத்தி, சிவப்பு முட்டைக்கோஸ் என்றால் உங்கள் மேல் தவறில்லை. அவை வாளியில் காட்டும் அழகு பருத்தியில் நிற்காது. எத்தனை படிகாரம் போட்டாலும் நிற்காது. அவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மாதுளை ஓடு, கடுக்காய், காசிக்கட்டி, வெங்காயத் தோல் என்று போங்கள்.

மஞ்சள் என்றால் இரண்டு விஷயம். சோப்பில் துவைத்ததும் அது சிவந்துபோயிருந்தால் பயப்படாதீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவக்குமே, அதேதான் இதுவும். சோப்பில் காரம் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்த நீரில் அலசினால் மஞ்சள் திரும்பிவிடும். ஆனால் வெயிலில் வெளுப்பதற்கு மருந்து இல்லை. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. நிற்கும் மஞ்சள் வேண்டுமென்றால் மாதுளை ஓடு.

மஞ்சிட்டி, மாதுளை போன்றவை கழுவினால் போகின்றன என்றால், சாயத்தைத் துணியோடு பிணைக்கும் படிகாரம் துணியில் இல்லை என்று பொருள். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கம்பளியும் பட்டும் படிகாரத்தை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி அப்படிப் பிடிக்காது. அதற்கு நடுவில் ஒரு துவர்ப்பு வேண்டும், அதுதான் கடுக்காய். முதலில் 20 கிராம் கடுக்காய்ப் பொடியை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து காயவிடுங்கள், அலசாமல். அப்புறம் 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 2 கிராம் சலவை சோடாவைத் தனியாகக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரமாக எடுங்கள். அதில் துணியைப் பல மணி நேரம் ஊறவைத்துக் காயவைத்து, இரண்டு நாள் அப்படியே வைத்துவிட்டு லேசாக அலசிச் சாயத்தில் இறக்குங்கள். அந்த இரண்டு நாளைச் சோம்பல்பட்டு விடாதீர்கள். படிகாரம் துணியில் குடியேறுவது அப்போதுதான்.

ரீஆக்டிவ் சாயம் போகிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது: எந்தச் சோடா போட்டீர்கள்? 1956 முதல் சந்தையில் இருக்கும் புரோசியன் வகைச் சாயம் பருத்தியோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்குக் கடுமையான காரம் வேண்டும். ஆப்ப சோடா அந்த அளவுக்குக் காரம் இல்லை. சாதாரணச் சூட்டில் அது போதாது. வேண்டியது சலவை சோடா, அதிலும் நீரற்ற மாவுபோன்ற பொடி, லிட்டருக்கு 20 கிராம். கட்டிகட்டியாக, கண்ணாடிபோல் இருக்கும் படிகச் சோடாவில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதே 20 கிராம் போட்டால் உண்மையில் ஏழரை கிராம்கூட விழாது. என்னிடம் வந்த "போலிச் சாயம்" புகார்களில் பாதி இந்தக் கட்டிச் சோடாவால் வந்தவை.

சோடா சரி என்றால் சாயக் கரைசல் எப்போது கலந்தது என்று பாருங்கள். சோடா சேர்த்த நிமிடத்திலிருந்து சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வீணாகிக்கொண்டிருக்கும். காலையில் கலந்ததை மாலையில் பயன்படுத்தினால் நிறம் இருப்பதுபோலத் தெரியும், கழுவினால் போகும். கொஞ்ச நிறம் முதல் அலசலில் போவது எப்போதும் நடப்பதுதான். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிறகு சூடான சோப்பு நீரில் போடுங்கள். நிறம் ஓட ஓட ஈரத்துணியைக் குவித்து வைத்தால் வெள்ளை இடங்களில் ஏறும். அதைத்தான் "சாயம் இறங்கிவிட்டது" என்கிறோம்.

நிறம் மந்தமாக, சாம்பல் பூத்ததுபோல வந்திருக்கிறது

தண்ணீர். முதல் சந்தேகம் எப்போதும் தண்ணீர் மேல்தான்.

ஒரு கண்ணாடி டம்ளரில் நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரையும், இன்னொன்றில் மழை நீர் அல்லது கடையில் வாங்கிய குடிநீரையும் எடுங்கள். இரண்டிலும் அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி போட்டுக் கலக்கி, அரை மணி நேரம் ஜன்னல் ஓரம் வையுங்கள். நல்ல நீர் மஞ்சளாகத் தெளியும். இரும்பு கலந்த போர் தண்ணீர் முதலில் ஊதா படர்ந்த சாம்பலாகி, அப்புறம் மை கரைத்ததுபோல ஆகும். எங்கள் தெருவில் புதுப் போர் போட்ட வீட்டுத் தண்ணீரில் நான் இதைச் செய்தபோது, பத்து நிமிடத்தில் டம்ளரின் அடிப்பக்கம் எழுதுகிற மை நிறமாகிவிட்டது. அதே தண்ணீர் கையில் எடுத்தால் கண்ணாடிபோலத் தெளிவு. துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. கறுப்புச் சாயம் செய்வதே இப்படித்தான். அதைத் தெரியாமல் எல்லா நிறத்திலும் செய்துகொண்டிருந்தால் மஞ்சள் பாசிப்பச்சையாகும், சிவப்பு பழுப்பாகும்.

தண்ணீர் தேறிவிட்டால் பாத்திரத்தைப் பாருங்கள். எனாமல் உதிர்ந்த குண்டான், இரும்பு வாணலி, துருப்பிடித்த வாளிக் கைப்பிடி, துணியில் குத்திய ஊசி, எதுவானாலும் போதும். எவர்சில்வர் அல்லது முழுசான எனாமல் பாத்திரம் எடுங்கள்.

மஞ்சிட்டிச் சிவப்பு மட்டும் செங்கல் பழுப்பாகிறது, மற்ற நிறமெல்லாம் தெளிவாக வருகிறது என்றால், கொதிக்க விட்டிருக்கிறீர்கள். இந்த வேரில் சிவப்போடு பழுப்பும் மஞ்சளும் உண்டு. கொதி வந்தால் அவையும் இறங்கிவிடும். 60, 65 டிகிரியில் நிறுத்துங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால், ஆவி பறக்க வேண்டும், அடியில் குமிழி எழக் கூடாது. அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரம். தண்ணீர் மழைநீர்போல மெல்லியதாக இருந்தால் ஒரு சிட்டிகை சாக்குப் பொடி (கால்சியம் கார்பனேட் தூள்) சேருங்கள். இந்தச் சிவப்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சோழமண்டலக் கரையின் பழைய சிவப்புகள் சாயவேரிலிருந்து வந்தவை. அந்தச் சிவப்புக்கும் இதே தேவைதான். கடுநீர் எல்லாச் சாயத்துக்கும் எதிரி இல்லை. இரும்பு இருப்பது வேறு, சுண்ணாம்பு இருப்பது வேறு. இரண்டையும் சேர்த்து "உப்புத் தண்ணீர்" என்று தள்ளிவிடாதீர்கள்.

அச்சின் விளிம்பு கசிகிறது, நடுவில் விழவில்லை

கசிந்தால் பசை நீர்த்துவிட்டது, அல்லது அச்சுக்கட்டை மேல் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. பசையை ஸ்பூனில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தேன்போல இழுபட்டு விழ வேண்டும். மோர்போல ஓடினால் கசியும். தயிர்போலக் கட்டியாக விழுந்தால் அச்சின் நுண்ணிய குழிகள் அடைபடும். தட்டில் நேரடியாகப் பசையை ஊற்றி அச்சைத் தோய்க்காதீர்கள். நாலைந்து மடிப்பு கம்பளித் துணியைத் தட்டில் பரப்பி, அதன் மேல் பசையைத் தடவி, அச்சை அதில் இரண்டு முறை மெல்ல ஒற்றி எடுங்கள்.

நடுவில் விழாததற்குக் காரணம் பெரும்பாலும் மேசை. சிமெண்ட் தரையிலோ வெறும் பலகையிலோ வைத்து அச்சிட்டால் கட்டையின் ஓரம் மட்டும்தான் தொடும். போர்வை நாலு மடிப்பு போட்டு, மேலே பழைய வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அப்படியும் விழவில்லை என்றால் கட்டையைக் கண்ணாடி மேல் கவிழ்த்து ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் மரம் வளைந்துவிட்டது. புதுக்கட்டையைப் பல நாள் எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது இதற்காகத்தான். கழுவியதும் வெயிலில் வைக்கவும் கூடாது.

அச்சு அழகாக விழுந்து, துவைத்ததும் நிறம் மறைந்தால் பசை எதில் செய்தீர்கள் என்று யோசியுங்கள். ரீஆக்டிவ் சாயத்தை மைதாப் பசையிலோ புளியங்கொட்டைப் பசையிலோ கலந்தால், சாயம் துணியோடு சேர்வதற்குப் பதில் பசையோடு சேர்ந்துகொள்ளும். இரண்டும் பருத்தியைப் போன்ற பொருள்தானே. பசை கழுவுபட்டால் நிறமும் சேர்ந்து போகும். அதற்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட் வேண்டும். படிகாரம், இரும்பு அச்சுகளுக்கு மைதா போகட்டும், வேலம்பிசின் நன்றாக உழைக்கும்.

எழுதுகோலால் வரைகிறவர்களுக்குக் கோடு பரவுகிறது என்றால், கலம்காரிக்காரர்களின் வழியைப் பாருங்கள். கடுக்காய் ஊறலில் எருமைப் பாலையும் சேர்த்துத் துணியை நனைப்பார்கள். பாலின் கொழுப்புதான் மை பரவாமல் கோட்டைப் பிடித்து நிறுத்துகிறது. பசும்பாலில் கொழுப்பு குறைவு, கோடு சற்றுப் பரவும்.

வெள்ளையாக நிற்க வேண்டிய தரையும் நிறம் ஏறிவிட்டது

படிகாரப் பசையை அச்சிட்டு, காயவைத்து, சாயத்தில் இறக்கினால் அச்சு மட்டும் சிவக்க வேண்டும். தரை, அதாவது அச்சு விழாத இடமெல்லாம், ரோஜா நிறமாகி, பூவைச் சுற்றி நிழல் விழுந்திருந்தால், பிழை சாயத்துக்கு முந்தைய அலசலில் இருக்கிறது.

அச்சில் இருக்கும் படிகாரம் எல்லாமே துணியில் பிடிப்பதில்லை. ஒரு பங்கு மேலாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். துணியை வாளித் தண்ணீரில் முக்கி ஊறவிட்டால், அந்த மிச்சம் கரைந்து பக்கத்து வெள்ளையில் போய் உட்காரும். அப்புறம் சாயம் அதையும் அச்சென்றே எண்ணிச் சிவக்கும். ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரிக்காரர்கள் சுவர்ணமுகி ஆற்றின் ஓட்டத்தில் துணியை விரித்துப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். கரைகிற மிச்சம் துணியின் இன்னொரு இடத்தைத் தொடுவதற்கு முன்பே தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போய்விடும்.

வீட்டில் ஆறு கிடையாது. நான் செய்வது இது: அச்சிட்ட துணியை மூன்று நாள் காற்றில் விட்டுவிடுகிறேன். அப்புறம் பெரிய வாளி நிறையத் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சாக்குப் பொடியைக் கரைத்து, துணியின் இரண்டு முனையையும் பிடித்து ஒரே வீச்சில் முழுவதையும் இறக்கி, விடாமல் ஆட்டுகிறேன். சாக்கு, ஓடுகிற படிகாரத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்கிறது. உடனே எடுத்துக் குழாயடியில் விரித்துப் பிடித்து அலசல். இந்த ஐந்து நிமிடத்தில் போன் அடித்தாலும் நான் எடுப்பதில்லை.

சாயம் ஏறிய பிறகு தரை லேசாக மங்கியிருந்தால், சாணி கரைத்த நீரில் நனைத்துப் புல் மேல் வெயிலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம். நாலைந்து நாளில் தரை வெளுக்கும், படிகாரம் பிடித்த இடம் நிற்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் இரண்டும் சேர்ந்து போகும்.

கறுப்பு கறுக்கவில்லை, அல்லது கறுத்த இடத்தில் துணி இற்றுப்போகிறது

துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைக்கும் கறுப்பு நீருக்குக் கசிம் என்று பெயர். அச்சிட்ட உடனே அது பழுப்புச் சாம்பலாகத்தான் தெரியும். காற்றுப் படப் படத்தான் கறுக்கும். ஒரு நாள் பொறுங்கள். மறுநாளும் சாம்பல்தான் என்றால் இரண்டில் ஒன்று. துணியில் கடுக்காய் போதவில்லை, அல்லது நீர் இன்னும் முற்றவில்லை. கடுக்காய் ஏற்றிய துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நல்ல நீர் விழுந்த இடம் சில நொடியில் கறுக்கத் தொடங்கும். இல்லையென்றால் இன்னும் ஒரு வாரம் மூடி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகத்தான் செய்யும்.

துணி இற்றுப்போவதுதான் பெரிய கவலை. இரும்பு பருத்தியைத் தின்னும். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சித்திரத் துணிகளில் சிவப்பும் நீலமும் அப்படியே இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் ஓட்டையாகியிருப்பதைக் காணலாம். அவசரத்துக்கு அன்னபேதியைக் கரைத்து அச்சிடுகிறவர்களுக்கு இது சீக்கிரமே நடக்கும். அன்னபேதியிலிருந்து வரும் கந்தக அமிலம் துணியிலேயே தங்கிவிடும். கசிமில் இருப்பது புளித்த நீரின் காடி அமிலம், பெரும்பகுதி காற்றோடு போய்விடும். அன்னபேதிதான் கையில் இருக்கிறது என்றால் 100 கிராம் துணிக்கு 2 கிராமைத் தாண்டாதீர்கள். பிறகு சாக்கு நீரில் கட்டாயம் அலசுங்கள். இன்னும் கறுப்பு வேண்டுமா? இரும்பைக் கூட்டாதீர்கள், கடுக்காயைக் கூட்டுங்கள்.

அவுரி நீலம் வரவில்லை

தொட்டியைத் தொடுவதற்கு முன் பொடியைப் பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கு என்று விற்பது அவுரி இலைப் பொடி. அது பச்சையாக இருக்கும், மருதாணிப் பொடிபோல மணக்கும். அதில் சாயத் தொட்டி போட முடியாது. தொட்டிக்கு வேண்டியது இலையை ஊறவைத்து, கடைந்து, அடியில் படிந்த நீலத்தைக் காயவைத்த கட்டி. அது ஏறக்குறைய கறுப்பாகத் தெரியும் நீலம். கட்டியை நகத்தால் அழுத்தித் தேய்த்தால் செம்புக் குடத்தின் மினுக்கு தெரியும். அந்த மினுக்குத் தெரியாத கட்டியை நான் வாங்குவதில்லை.

அவுரி தண்ணீரில் கரையாது. தொட்டி நீரிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்தால்தான் அது காரநீரில் மஞ்சளாகக் கரையும். துணியில் ஏறி வெளியே வந்ததும் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பட்டு மறுபடி நீலமாகும். தொட்டியில் வரும் சங்கடமெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான். நம் பக்கத்துப் பழைய தொட்டிகளில் தகரை விதையை வேகவைத்துச் சுண்ணாம்போடு புளிக்க விடுவார்கள். வீட்டுக்குச் சுலபமானது பிரெஞ்சுச் சாயக்காரர் மிஷேல் கார்சியா பரப்பிய ஒன்று-இரண்டு-மூன்று கணக்கு. 5 லிட்டர் வெந்நீருக்கு 20 கிராம் அவுரி, 40 கிராம் நீற்றுச் சுண்ணாம்புத் தூள், 60 கிராம் பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்).

சரியான தொட்டியில் மேலே செம்பு ஆடை படரும், நடுவில் நீலநுரை பூப்போலக் கூடி நிற்கும். நுரையை ஒதுக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் கீழ் நீரை மொண்டால் தேன் நிறம் அல்லது மஞ்சள் பச்சை, தெளிவாக. இனி உங்கள் தொட்டியில் மொண்டு பாருங்கள்.

டம்ளர் நீர் நீலமாகவே இருந்தால் ஆக்சிஜன் இன்னும் போகவில்லை. தொட்டி ஆறியிருக்கும், வெந்நீர் அண்டாவுக்குள் வைத்து 45, 50 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். மெல்லக் கிளறி ஒரு மணி நேரம் மூடுங்கள். அப்படியும் தெளியவில்லை என்றால் என்ன சர்க்கரை போட்டீர்கள்? வெள்ளைச் சர்க்கரை இந்த வேலையைச் செய்யாது. பழச்சர்க்கரை இல்லாவிட்டால் நன்றாகக் கனிந்த வாழைப்பழங்களை வேகவைத்து வடிகட்டிய சாறு செய்யும், நேரம் கூட எடுக்கும்.

நீர் மஞ்சளாகத் தெளிந்திருக்கிறது, துணி மட்டும் வெளிர்நீலமாக வருகிறது என்றால், முதல் நாள் தொட்டியில் சுண்ணாம்பைச் சந்தேகப்படுங்கள். நாட்பட்ட தொட்டியாக இருந்தாலும் முதலில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பு சேர்த்துப் பாருங்கள், தொட்டி புளிக்கப் புளிக்கக் காரம் குறையும். அதற்கும் மசியவில்லை என்றால் அவுரியே தீர்ந்துவிட்டது.

நீலப் புள்ளிகளும் வெள்ளைப் பொடியும் ஒட்டி வந்தால் துணி அடி மண்டியைத் தொட்டிருக்கிறது. கிளறியபின் ஒரு மணி நேரம் மண்டி இறங்கட்டும். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வலைப்பை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்த பின் சாம்பல் பூத்ததுபோலத் தெரிவது சுண்ணாம்பு. கொஞ்சம் காடி (வினிகர்) கலந்த நீரில் அலசினால் நீலம் துலங்கும்.

கையில் ஒட்டுகிறதா? பெரும்பாலும் ஒரே முக்கில் அடர் நிறம் எடுக்கப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரம் ஊறவைப்பதைவிட, மூன்று நான்கு நிமிடம் முக்கி, கால் மணி நேரம் காற்றில் விரித்து, இப்படி ஆறேழு தடவை செய்வதுதான் கெட்டிச் சாயம். துணியை நீருக்குள் இறக்கும்போதே காற்றுக் குமிழியைப் பிழிந்துவிட்டு இறக்குங்கள், தொட்டிக்கு மேலே தூக்கிப் பிழியாதீர்கள். ஒவ்வொரு சொட்டும் காற்றைத் தொட்டிக்குள் கொண்டுபோகும். எல்லாம் சரியாகச் செய்தும் அடர்நீலம் கொஞ்சம் தேயும். புது ஜீன்ஸும் அப்படித்தானே.

சுங்குடி முடிச்சுக்குள் சாயம் புகுந்துவிட்டது

நூலின் இறுக்கம்தான். மதுரைச் சுங்குடியின் புள்ளி அரிசி அளவில் வெள்ளையாக நிற்பதற்குக் காரணம், ஈர நூலை இழுத்துச் சுற்றி, கடைசிச் சுற்றைத் தானே தன்னைப் பிடிக்கும்படி விடுவது. காய்ந்த நூல் சாயத்தில் நனைந்ததும் தளரும். முடிச்சிட்ட துணியை அரை மணி நேரத்துக்கு மேல் சாயத்தில் விட வேண்டாம். அவிழ்ப்பதற்கு முன் குளிர்ந்த நீரில் நன்றாக அலசிவிடுங்கள். நிறைய வெள்ளைப் புள்ளிகள் அவிழ்க்கும் அவசரத்தில்தான் கெடுகின்றன.

தண்ணீர் ஊற்றிய இடத்தில் முருங்கை வாடுகிறது

இதையும் சாயப் பிழைகளில் ஒன்றாகத்தான் சேர்ப்பேன். நொய்யல் கரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது சாயக்கழிவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நம் வாளி அதற்கு முன் தூசிதான், ஆனால் நம் வீட்டு மண்ணுக்கு அது தூசி இல்லை.

செடியை வாட்டுவது சலவை சோடாவும் உப்பும். சோடாவில் அவித்த நீரை ஆறவிட்டு, காடி சேர்த்து நுரைப்பது நின்ற பிறகு கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். அவுரித் தொட்டியின் சுண்ணாம்பு மண்டியைப் படியவிட்டு, மேல் நீரை வடித்து, மண்டியைக் காயவைத்துத் தனியாக எடுங்கள். படிகார நீரை ஒரு தடவையோடு கொட்டாதீர்கள். அடுத்த துணிக்குப் பாதி அளவு படிகாரம் சேர்த்தால் மறுபடி வேலை செய்யும். மஞ்சிட்டி, மாதுளை நீரில் நிறம் மிச்சம் இருக்கும்வரை இளநிறத் துண்டுகளைப் போட்டுக்கொண்டே இருக்கலாம். ரீஆக்டிவ் சாயத்தின் உப்பு நீருக்கு மட்டும் வீட்டில் வழி கிடையாது. அதனால் அந்தச் சாயத்தை வாளியில் கரைப்பதை விட்டுவிட்டு, சோடா நீரில் நனைத்துப் பிழிந்த துணியின் மேல் சிறு கிண்ணத்திலிருந்து ஊற்றி, பாலிதீனில் சுற்றி ஓர் இரவு வைக்கிறேன். அதற்கு உப்பே தேவைப்படுவதில்லை, ஒரு மீட்டர் துணிக்குக் கால் லிட்டர் சாயநீர் போதும்.